அவங்கன்னா யாரு?

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டம்போட்ட கொப்பி. பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். அத்தனையும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. 'அவர்கள்' என்பதை உலகத்தில் யார் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். பென்ஷன் எடுக்கிற மனுசிக்கு வேறு வேலை இல்லையா, ரெண்டு ரோஜாச் செடியாவது நட்டு வைக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இது பொழுதுபோக்கு இல்லை, நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதை அவர் படித்தால் படிக்கட்டும்.

பதுளையில், தொழில் தகராறுகளை விசாரிக்கிற ஓர் அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் தமிழில் சொல்வதை விசாரணை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவர் சிங்களத்தில் கேட்பதை இவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி, அதில் நான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். 'பெரட்டுக்குப் போனேன்' என்று ஒருத்தி சொன்னால், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது என்று அவர்களுக்கு விளங்காது. காம்பரா என்றால் லயத்து வீடு, தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று என்று விளங்காது. எனக்கு எல்லாம் விளங்கும். நான் ஸ்பிரிங்வெளி லயத்தில் பிறந்து, அந்தத் தமிழில் அழுது, அந்தத் தமிழில் அடி வாங்கி வளர்ந்தவள். சும்மா சொல்லக்கூடாது, எனக்குத் தலைக்கனம் நிறையவே இருந்தது. தோட்டத்து ஆள் யார் வந்தாலும் அதிகாரி என்னைத்தான் தேடுவார்.

எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. 'அவங்க' என்பார்கள். அவ்வளவுதான். தபால்காரர் வந்து அப்பாவின் பெயரைச் சொல்லி இது யார் என்று கேட்டால், அம்மா என்னைப் பார்ப்பாள். நான் "அப்பா" என்று சொல்ல வேண்டும். அம்மாவின் வாயில் அப்பா சாகும்வரை 'அவங்க'தான். அவங்க வந்தாங்களா, அவங்க சாப்பிட்டாங்களா, அவங்களுக்குக் காய்ச்சல். கேட்கிற வெளியாள், ஒரு பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வான். ஒரு தடவை மருந்து கொடுக்க வந்த டிஸ்பென்சர் அப்படித்தான் பதறிப்போய், எத்தனை பேருக்கு என்று கேட்டார். லயமே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பின்னால் இதே சொல்லில் நானும் மாட்டுவேன் என்று அப்போது தெரியாது.

நான் ஓய்வுபெறுவதற்கு ஐந்தாறு மாதம் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். பசறைக்கு மேலே ஒரு தோட்டம். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கொழுந்து எடுக்கப்போன இடத்தில் மழை ஈரத்தில் சறுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. சில வாரம் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவில் வெட்டிவிட்டார்கள். தோட்டத்துப் பக்கம் சொன்னது, அவளாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று. அவள் சொன்னது, தன்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள் என்று. விசாரணை அதற்குத்தான்.

பெயர் போனால் வேலை மட்டும் போகாது. லயத்துக் காம்பராவில் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பெயர் இருக்க வேண்டும். அவளுடைய புருஷன் பசறையில் ஒரு ஹார்டுவெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவர். தோட்டத்தில் பெயர் இல்லாதவர். ஒரு மகள், எட்டாம் வகுப்பு. ஆக அந்த மூன்று பேர் தலைக்கு மேலே இருந்த தகரம் அவளுடைய ஒரு பெயரில்தான் நின்றது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எதிரே தோட்டத்துக்காக வந்து உட்கார்ந்திருந்த மனிதருக்கும் தெரியும்.

விசாரணை அறைக்குள் வரும்போதே அவள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புருஷன் வெளியே வாசலில் நின்றார், உள்ளே விடவில்லை. நான் அவளிடம் எந்தத் தோட்டம், எந்த லயம், கால் இப்போது எப்படி என்று நம்முடைய பேச்சில் கேட்டேன். அவள் முகம் அப்படியே தெளிந்தது. மிஸ், நீங்களும் நம்ம ஆளுங்களா என்று கேட்டாள். ஆமாம், பயப்படாமல் சொல்லு, நான் இருக்கிறேன் என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். அன்றைக்கும் சொன்னேன்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். விழுந்தவுடன் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். அவங்கதான் முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாங்க என்றாள். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிங்களத்தில் ஒரு ஆள் என்றால் 'எயா', பல பேர் என்றால் 'எயாலா'. அவங்க என்பதைச் சிங்களத்தில் சொல்கிறவள் ஒன்றா பலவா என்று முடிவு செய்துதான் வாயைத் திறக்க முடியும். நமக்கு அந்தக் கவலையே கிடையாது. ஒருவருக்கு மரியாதை கொடுத்தாலும் அவங்க, ஒரு ஊரே வந்தாலும் அவங்க. வினைச்சொல்லும் கூடவே வாலாட்டிக்கொண்டு 'வந்தாங்க' என்று வரும், அதுவும் காட்டிக்கொடுக்காது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளுடைய கணவர் தூக்கிக்கொண்டு வந்தார் என்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, கணவர் என்று அவள் சொல்லவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். தோட்டத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கம் கொடுத்தேன். அவர் புன்னகைத்து, இதற்குத்தான் உங்களை மாதிரி ஆள் வேண்டும் என்றார். அந்தப் பாராட்டு உச்சிமண்டையில் குளிர்ந்தது. அது சரியான மொழிபெயர்ப்பும்கூட. அன்றைக்கு அவருக்குக் கடை லீவு, அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த கேள்வி, ஏன் திரும்ப வேலைக்குப் போகவில்லை என்பது. அவள் சொன்ன பதில் எனக்கு இன்றும் எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

"போனேங்க. காலு இப்புடி இருந்தா ஒனக்கு எப்புடி மலை ஏற ஏலும், இனிமே வேலைக்கு வர வேணாம்னு அவங்க சொல்லிட்டாங்க. அதான் நின்னுட்டேன்."

அவளுடைய கணவர் இனிமேல் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் நின்றுவிட்டாள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

'போனேங்க' என்ற சொல் எங்கே போயிற்று? அதை முழுங்கிவிட்டேன். 'வர வேணாம்' என்றால் பெரட்டுக் களத்தில் நிற்கிறவர் சொல்கிற சொல், வீட்டில் இருக்கிற புருஷன் 'போக வேணாம்' என்றல்லவா சொல்வார். இத்தனையும் இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதற்குத்தான் பாராட்டு வாங்கியிருந்தேன். வெளியூர்க்காரன் எவனாவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மரமண்டை மாதிரி 'எயாலா' என்று சொல்லியிருப்பான், அவள் பிழைத்திருப்பாள். எல்லாம் தெரிந்த நான் இருந்ததால் கெட்டாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். கணவரா சொன்னார் என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் பக்கம் திரும்பி, 'அவங்கன்னா யாரு?' என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டே சொல். நான் திரும்பவில்லை. ஆமாம் என்று அதிகாரிக்குத் தலையாட்டினேன். எதிரே இருந்த தோட்டத்து மனிதர் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து டயரியில் ஏதோ குறித்துக்கொண்டார். கேட்காமலே ஒன்று கையில் கிடைத்தவருடைய முகம் அது. அதையும் பார்த்தேன், அதுவும் மண்டையில் ஏறவில்லை.

கடைசியில் எழுதியதை முழுக்க அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்கு அதற்குப் பிறகு இன்னும் இரண்டு விசாரணை இருந்தது, எனக்குப் பசி வேறு. நீ சொன்னதெல்லாம் இதில் இருக்கிறது, பயமில்லாமல் போடு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேனாவை வாங்கித் தன் பெயரை நிதானமாக எழுதினாள். போகும்போது இரண்டு கையையும் கூப்பினாள். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள். அலுவலகப் படியில் எனக்காகக் காத்திருந்தாள். முடிவுக் கடிதம் வந்திருந்தது, தமிழ்ப் பிரதியும் சேர்த்து. அந்தத் தமிழ்ப் பிரதியை நான் செய்யவில்லை, வேறொருவர். அதில் பளிச்சென்று எழுதியிருந்தது: கணவர் வேண்டாம் என்று கூறியதன் பேரில் அவர் தாமாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டதாக அவரே ஒப்புக்கொண்டுள்ளார். பெயரைத் திரும்பச் சேர்க்க முடியாது.

அவள் அழவில்லை. கடிதத்தை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு, லயத்தில் இந்தக் கடிதம் எல்லார் கைக்கும் போய்விட்டது என்றாள். பொண்டாட்டியின் வேலையையும் வீட்டையும் கெடுத்தவன் என்று புருஷனைக் கடையில்கூடக் கேலி செய்கிறார்களாம். நான் எப்போது அப்படிச் சொன்னேன், தப்பிக்கிறதுக்கு என்னையே மாட்டிவிட்டாயா என்று அவர் கேட்டாராம். கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணியும் அவர் நம்பவில்லை. நம்புவாரா? சீல் வைத்த கடிதம் அவர் கையில் இருக்கிறது, பொண்டாட்டியே ஒப்புக்கொண்டாள் என்று அதில் எழுதியிருக்கிறது. முதுகில் சுமந்துகொண்டு மலை இறங்கிய மனுசன் இப்போது அவள் போடுகிற சோற்றைத் தொடுவதில்லை. பேசுவதும் இல்லை.

பிறகு அவள் ஒன்று சொன்னாள்.

"நான் அவங்கன்னு சொன்னது அவங்கள இல்லைங்க மிஸ்."

இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கொப்பியில் எழுதிப் பார்த்திருக்கிறேன். சிங்களத்தில் சொன்னால், எயாலா என்று சொன்னது எயாவை இல்லை என்று தெளிவாகப் பிரிந்துவிடும். தமிழில் அவள் வாயில் அது ஒரே சொல், இரண்டு பக்கமும். அன்றைக்கு அந்தப் படியில் நின்று நான் அதை முழுசாகப் புரிந்துகொண்டேன். பெரட்டுக் களத்தில் அவளைத் திருப்பி அனுப்பினவர்கள் ஒரு அவங்க, புருஷன் ஒரு அவங்க. அந்தக் கணத்தில், தாயே என்னை மன்னித்துக்கொள், அது என்னுடைய தப்பு, வா அதிகாரியிடம் போய்ச் சொல்வோம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் பதினொரு நாள் இருந்தது, கடிதத்திலேயே போட்டிருந்தது. அவளும் அதைத்தான் கேட்டாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஐயா கேட்பார், நான் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே என்றாள்.

ஓய்வுபெற மூன்று மாதம். இத்தனை வருடத்தில் ஒரு பிழை சொல்ல இடம் வைக்காதவள். பிரிவுபசாரத்துக்குப் பக்கத்து அறையில் யாரோ பேச்சுக்கூட எழுதத் தொடங்கியிருந்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"அவங்க அப்புடித்தான் எழுதியிருக்காங்க. நான் என்னா செய்ய? பாப்போம்."

அவங்க. நான் அந்தச் சொல்லைத்தான் எடுத்தேன். அவள் தலையாட்டினாள், சரிங்க மிஸ் என்றாள், படியில் இறங்கும்போது அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தாள். பதினொரு நாளும் நான் தினம் அதிகாரியின் அறை வாசல்வரை போனேன். ஒரு நாள் உள்ளேயும் போனேன். அவர் என்ன விஷயம் என்று கேட்டார், லீவு பாரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி, அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

கொப்பி தொடங்கியது அந்த வாரம்தான். முதலில் கேட்டது எங்கள் அலுவலகத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம். சும்மா பேச்சுவாக்கில், ஒருவர் சொன்னால் எப்படிச் சொல்வீர்கள், பலர் சொன்னால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். அவள் யோசிக்காமல், ஒருவர் என்றால் 'அவர் சொன்னவர்', கனபேர் என்றால் 'அவை சொல்லிச்சினம்' என்றாள். அவை என்பது எங்கள் பக்கம் ஆடு மாடுக்குத்தான் என்று அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பசறைத் தோட்டத்துப் பெண் இவளை மாதிரி யாழ்ப்பாணத்துப் பக்கம், பருத்தித்துறையில் பிறந்திருந்தால் அவளுடைய காம்பரா தப்பியிருக்கும். அப்புறம்தான், பருத்தித்துறையில் பிறந்தவளுக்குக் காம்பரா எதற்கு என்று எனக்கே உறைத்தது. பைத்தியக்கார யோசனை.

பஜாரில் நான் துணி எடுக்கிற முஸ்லிம் கடைக்காரர் அரபு தெரிந்தவர், ஓதிப் படித்தவர். அவரிடம் கேட்டேன். அரபியில் ஆண்கள் பலர் என்றால் ஹும், பெண்கள் பலர் என்றால் ஹுன்ன, இரண்டே இரண்டு பேர் என்றால் அதற்குத் தனியாக ஹுமா என்று விரல் மடக்கிச் சொன்னார். இரண்டு பேருக்கென்று ஒரு சொல்லா என்று கேட்டேன். ஏன், புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர்தானே, அவங்களுக்கு ஒரு சொல் வேணாமா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே துணியைக் கிழித்தார். அதை வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் எழுதினேன். கடலுக்கு நடுவில் இருக்கிற ஹவாய்த் தீவுக்காரர்களும் இரண்டு பேருக்கு ஒரு சொல், அதற்கு மேல் போனால் வேறு சொல் என்று வைத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன்.

ஜெர்மனியில் இருக்கிற தங்கச்சி மகளைப் போனில் பிடித்தேன். அங்கே 'ஸீ' என்ற ஒரே சொல்தான் அவளுக்கும், அவர்களுக்கும், மரியாதையான உங்களுக்கும். வினைச்சொல்லைப் பார்த்துத்தான் ஓரளவு கண்டுபிடிக்கணும் பெரியம்மா, நான் முதல் வருசம் முழுக்கத் தடுமாறினேன் என்றாள். எனக்கு ஒரு சின்ன ஆறுதல், அங்கேயும் யாராவது ஒரு மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொண்டிருப்பார் என்று. பிரெஞ்சில் நூறு பெண்கள் நிற்கிற இடத்தில் ஒரு ஆண் வந்து சேர்ந்தால் எல்லாரும் ஆண் 'அவர்கள்' ஆகிவிடுவார்களாம். கொழுந்து மலையில் முப்பது பொம்பளைகளுக்கு ஒரு கங்காணி நின்றாலும் அப்படித்தான் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். பின்லாந்தில் அவர்கள் என்பதற்கு 'ஹே' என்கிறார்கள், எழுதினால் ஆங்கிலத்து 'ஹீ' மாதிரியே இருக்கும். ஆங்கிலக்காரனோ, ஆணா பெண்ணா தெரியாத ஒற்றை ஆளுக்கு 'தே' என்று சொல்கிறான். அந்த 'தே'கூட அவனுடைய சொந்தச் சொல் இல்லை, கடல் தாண்டி வந்தவர்களிடம் வாங்கியது.

நம்முடையதையும் எழுதினேன். பழைய தமிழில் 'அவர்' என்றாலே பலர்தான். அதை ஒரு ஆளுக்கு மரியாதையாகக் கொடுத்துவிட்டோம். பலருக்குச் சொல் இல்லாமல் போக, 'கள்' ஒன்றைச் சேர்த்து 'அவர்கள்' ஆக்கினோம். பிறகு அதையும் மரியாதைக்குக் கொடுத்துவிட்டோம். லயத்துப் பெண் புருஷனுக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது சொல்லை. பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயந்து கொடுத்தாள். பெரட்டுக் களத்தில் அதட்டுகிறவர்களுக்கும் அதையே கொடுத்தாள். அங்கே வேறு பயம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழி கற்க இதையெல்லாம் தேடவில்லை. எந்த மொழியாவது என் பக்கம் சாட்சி சொல்லுமா, இந்தச் சொல்லே அப்படித்தான், யாராக இருந்தாலும் தவறியிருப்பாள் என்று சொல்லுமா என்று தேடினேன். எத்தனை மொழி பார்த்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஆணோ பெண்ணோ, இரண்டோ இருபதோ, 'அவர்கள்' என்ற சொல்லுக்குள் பேசுகிறவள் இருக்க மாட்டாள். 'நாங்கள்' என்றால் நானும் உண்டு. 'அவங்க' என்றால் நான் வெளியே. அந்தப் படியில் நின்று நான் அதைச் சொன்னதும் அதற்காகத்தான்.

ஓய்வுபெற்று நான்கு மாதம் கழித்து ஒரு நாள், பழைய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அதன் ஒரு பிரதியை அவளிடம் கொடுத்து, இதை உன் புருஷனிடம் காட்டு என்று சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். காம்பராவைத் திரும்ப வாங்கித் தர முடியாவிட்டாலும், அந்த மனுசன் அவள் போடுகிற சோற்றைத் தொட்டால் போதும் என்று இருந்தது. பசறை பஸ் வளைவு வளைவாகத் திரும்பும்போதெல்லாம் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பசறையிலிருந்து த்ரீவீலர், அதற்கு மேல் நடை. மழை தூறிக்கொண்டிருந்தது.

விசாரணையில் அவள் சொன்ன காம்பராவின் கதவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. வாசலில் கைக்குழந்தைத் துணிகள் காய்ந்தன. பக்கத்துக் காம்பரா வாசலில் ஒரு அம்மா சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பதுளையிலிருந்து வருகிறேன், இந்த வீட்டில் கால் அடிபட்ட ஒரு பெண் இருந்தாளே என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்டார். அப்புறம் கல்லைப் பொறுக்கிக்கொண்டே, அவங்க போய்ட்டாங்களே என்றார்.

நான் கேட்டேன். வேலையில் இருந்த காலமெல்லாம் கேட்காததைக் கேட்டேன்.

"அவங்கன்னா யாரு? அந்தப் புள்ளையா, அவ புருஷனா, எல்லாருமா?"

இது என்ன கேள்வி என்பது மாதிரி அவர் பார்த்தார்.

"ரெண்டு பேருந்தாங்க. ஆனா ஒண்ணாப் போவல."

புருஷன் முதலில் போனாராம். கொழும்பில் கட்டட வேலை என்று பேச்சு. காம்பராவைக் காலி பண்ணச் சொன்னபோது அவளும் மகளும் மட்டும்தான் சாமான் கட்டினார்களாம். அப்புத்தளைப் பக்கம் அக்கா வீடு என்று சொல்லிக்கொண்டு போனாள், எந்தத் தோட்டம் என்று தெரியாது என்றார். என் பையில் கடிதம் இருந்தது. கடைக்காரர் விரல் மடக்கிச் சொன்ன அந்த இரண்டு பேருக்கான சொல் ஞாபகம் வந்தது. இனி அதைக் கொடுக்க அங்கே இரண்டு பேர் இல்லை.

அந்த அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, பதுளைக் கந்தோரில் அவங்கதான் என்னமோ தப்பாக எழுதிவிட்டார்களாம், ஏழைபாழை என்றால் எதை வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள் என்று திட்டினார். யார் எழுதினது என்று அவள் சொன்னாளா என்று கேட்டேன். கேட்காமலே வந்திருக்கலாம்.

"அவங்கன்னுதான் சொன்னா. ஆனா அங்க ஒரு மிஸ்ஸு இருந்தாங்களாம், நம்ம ஆளாம். அந்த மிஸ்ஸு இருந்ததாலதான் பயமில்லாமப் பேசுனேன், கடைசி வரைக்கும் அவங்க எனக்காகப் பாத்தாங்கன்னு சொல்லிச்சொல்லி அழுதா."

பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அவங்க எழுதலைங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்."

சுளகில் அளைந்துகொண்டிருந்த கை நின்றது. அவர் என் முகத்தை, குடையை, மடியில் இருந்த பையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுளகைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். தேத்தண்ணி கொண்டுவரப் போகிறார் என்று நினைத்து நான் உட்கார்ந்தே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போங்க."